பலகையில் என்ன எழுதுவது? திருகோணமலையில் உளவியல் தொழிலுக்கு எந்தப் பதிவு, எதற்கு விலக்கு

மத்திய வீதிப் பக்கம் மாடியில் ஓர் அறை எடுத்தாயிற்று. மேசை ஒன்று, கதிரை மூன்று, யன்னலுக்குத் திரைச்சீலை எல்லாம் வந்துவிட்டன. பலகை எழுதுகிறவர் கேட்கிறார்: "பெயருக்குக் கீழே என்ன போட?" உளவியல் படித்துவிட்டு ஊரில் தொழில் தொடங்குகிற பலர் இந்தக் கேள்விக்கு அந்தக் கடையில் நின்றபடியேதான் முதல் தடவையாகப் பதில் யோசிக்கிறார்கள். படிப்பைத் தெரிவுசெய்த அன்றே யோசித்திருக்க வேண்டியது.

"மருத்துவ உளவியலாளர்" என்று எழுதினால், இலங்கை மருத்துவ சபையின் பதிவு இருக்கிறதா என்ற கேள்வி வரும். வெறும் "உளவியலாளர்" என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் தனிச் சட்டம் இல்லை. "உளவளத்துணையாளர்" என்பதற்கும் இல்லை. பெயருக்கு முன்னால் "டொக்டர்" போட்டால், அது கலாநிதிப் பட்டத்தால் வந்த டொக்டரா, மருந்து எழுதுகிற டொக்டரா என்று படியேறி வருகிற ஆளுக்குத் தெரியாது. பதிவில்லாத ஒருவர் தன்னை மருத்துவராகக் காட்டிக்கொள்வதை 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால், எந்தத் துறையில் என்று சேர்த்து எழுதுவதே நல்லது. வாசிக்கிறவருக்கும் குழப்பமில்லை, எழுதினவருக்கும் வழக்கில்லை.

உள்ளூரில் மருத்துவ சபைப் பதிவு, பதிவில்லாத உளவளத்துணை, வைத்தியத்துறை வழியாக மனநல வைத்தியம் என்று மூன்று வழிகள். அதற்கு வெளியே இந்தியா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா. இவற்றை ஒப்பிடும்போது எத்தனை வருடம், எவ்வளவு காசு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: கிடைக்கப்போகிற அதிகாரம் உங்களோடு வருமா, நீங்கள் இருக்கிற கதிரையோடு நின்றுவிடுமா? பதிவு ஆளோடு போகும். விலக்கு, அதாவது பதிவில்லாமலே ஒரு பதவிக்குள் மட்டும் வேலை செய்யக் கிடைக்கும் இடம், கதிரையோடு நிற்கும். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பத்து வருடம் வேலை செய்தவர்கூடச் சொந்தமாக ஓர் அறை திறக்கிற நாளில் வெறுங்கையோடு நிற்கிறார்.

மருத்துவ சபைப் பதிவு

மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள் என்ற வகையில் மருத்துவ உளவியலாளர்களையும் மருத்துவ சபை பதிகிறது. உளவியலில் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. அதற்கு மேல் மருத்துவ உளவியலில் பட்டப்பின் தகுதி வேண்டும். அந்தத் தகுதிக்குள் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்த பயிற்சி இருக்க வேண்டும். உள்நாட்டில் இதற்கு அறியப்பட்ட வழி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.பில்.

இந்த வழியின் இடுக்கு பரீட்சை அல்ல, இடம். இடங்கள் சொற்பம். கிடைத்தாலும் பயிற்சி கொழும்புப் பக்க வைத்தியசாலைகளில். அங்கே விடுதியில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் சிங்களத்தில் பேசுகிறவர்கள். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தெரிந்த திருகோணமலைப் பிள்ளைக்கு, மனச்சோர்வில் இருக்கிற ஹோமாகமத் தாய் ஒருத்தி அரைகுறையாய்ச் சொல்லி நிறுத்துகிற சிங்கள வசனத்தின் மிச்சம் பிடிபடாவிட்டால் பயிற்சி அங்கேயே தடுக்கும். ஆகவே இந்த வழியை நினைக்கிறவர் பட்டப்படிப்புக் காலத்திலேயே பேச்சுச் சிங்களத்தைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். கந்தளாய்ப் பக்கம் ஒரு வருடம் தொண்டுவேலை செய்தால் வகுப்புக்குப் போவதைவிடக் கூடுதலாய் வரும். திரும்பி வந்த பிறகும் அது வீண்போகாது. மூன்று சமூகமும் வரிசையில் நிற்கிற மாவட்டம் இது.

விண்ணப்பத்தில் சிக்குவது பெரும்பாலும் தகுதி அல்ல, பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில். அதில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், உயர்தரச் சான்றிதழில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். "சிவகுமார்" என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாய் எழுதப்பட்டிருக்கும். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றின பெண்களுக்கு இது இரட்டிப்பு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எழுதிக் கொடுத்துவிடுங்கள். வித்தியாசம் ஏற்கெனவே இருந்தால், எல்லா வடிவமும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்திருங்கள். இரவு ரயிலில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, நொரிஸ் கனல் வீதியில் உள்ள சபை அலுவலகத்துக்குப் போய், ஒரு எழுத்துக்காகத் திரும்பி வருவது ஒரு நாள் சம்பளமும் ஒரு வாரச் சலிப்பும்.

வெளிநாட்டில் படித்தவருக்குக் கூடுதலாக மூன்று கடதாசி: பாடவாரியான புள்ளி விபரம், பாடத்திட்டம், மேற்பார்வைப் பயிற்சி மணிகளைத் திகதியோடும் இடத்தோடும் உறுதிப்படுத்தும் கடிதம். முதல் இரண்டையும் எப்போதும் எடுக்கலாம். மூன்றாவதை எழுதித் தரவேண்டியவர் ஓய்வுபெற்றுவிட்டால், மாறிப்போய்விட்டால் கதை முடிந்தது. பயிற்சி முடிகிற வாரத்திலேயே கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். அந்த நாட்டில் ஏற்கெனவே பதிவு பெற்றிருந்தால், அங்குள்ள சபையிடமிருந்து நற்சான்றுக் கடிதமும் தேவைப்படும்.

இதோடு ஒரு தடுமாற்றத்தையும் தீர்த்துவிடுவோம். தனியார் நிறுவனம் ஒன்று "அரச அங்கீகாரம் பெற்ற பட்டம்" என்று விளம்பரம் செய்தால், எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது ஒன்று. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெறுவது இன்னொன்று. வெளிநாட்டுப் பட்டமானால், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பது வேறொன்று. இவை மூன்றும் இருந்தாலும் மருத்துவ சபைப் பதிவு தானாக வராது. "இந்தக் கற்கையை முடித்த யாராவது மருத்துவ உளவியலாளராகப் பதிவாகியிருக்கிறார்களா?" என்று காசு கட்ட முன்னர் எழுத்தில் கேளுங்கள். பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால், வந்த பதிலை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பதிவில்லாத உளவளத்துணை

திருகோணமலையில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பகுதி இந்த வகைதான். பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள், பாடசாலைகளின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர்கள், தொண்டு நிறுவனங்களில் இருக்கிறவர்கள், தனியே பார்க்கிறவர்கள். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமா போன்றவை இங்கே மதிப்புள்ள தகுதிகள். ஆனால் தகுதி வேறு, அனுமதிப்பத்திரம் வேறு. சட்டப்படியான பதிவேடு என்று இதற்கு ஒன்றும் இல்லை. தொழில்சார் சங்கங்களில் அங்கத்துவம் எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும், ஒழுக்கக்கோவையும் மேற்பார்வையும் அங்கிருந்துதான் வரும். ஆனால் சங்க அங்கத்துவ இலக்கத்தைப் பலகையில் "பதிவு இலக்கம்" என்று போடுவது வாசிக்கிறவரை ஏமாற்றுவது.

கதிரைக் கணக்கு இங்கேதான் வருகிறது. பிரதேச செயலகத்து உத்தியோகத்தருக்கு அதிகாரம் நியமனக் கடிதத்தால் வருகிறது. அலுவலக நேரத்தில், அலுவலகப் பணியாக, அலுவலகக் கோவையில் எழுதிப் பார்க்கும்வரை அது செல்லும். மாலை வீட்டு விறாந்தையில் காசு வாங்கிக்கொண்டு பார்க்கும்போது அந்தக் கடிதம் கூட வராது. அரச ஊழியர் வெளியே சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி எடுக்க வேண்டும் என்பது தாபன விதிக்கோவையின் விடயம். அதுவும் தனியாக நிற்கிறது. வழிகாட்டல் ஆசிரியருக்கும் இதே நிலைதான். பாடசாலைக்குள் அவர் ஆலோசகர். ரியூசன் கொட்டிலில் அவர் கணித மாஸ்டர் மட்டுமே.

சட்டம் மௌனமாக இருப்பதை விலக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அது விலக்கு அல்ல. விலக்கு என்றால் "இன்னார் இன்ன எல்லைக்குள் செய்யலாம்" என்று சட்டம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே எல்லையை நீங்களே போட வேண்டியிருக்கிறது. எங்கள் கணிப்பில் அந்த எல்லை இதுதான்: நோயின் பெயர் சொல்லி எழுதிக் கொடுக்கக் கூடாது, மருந்தைக் குறை, நிறுத்து என்று சொல்லக் கூடாது, நுண்ணறிவுச் சோதனை செய்து இலக்கம் போட்டுக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம், ஏனென்றால் காசு இருக்கிற இடம் அது. ஒரு தகப்பன் மகனைக் கூட்டிவருகிறார். பாடசாலை அறிக்கை கேட்டிருக்கிறதாம். இன்னொரு நாட்டில் அச்சான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைப் பெட்டியின் பிரதி எங்கிருந்தோ கைக்கு வந்திருக்கிறது. அதை வெளியிடும் பியர்சன் நிறுவனம் இந்தச் சோதனைகளைத் தனது உச்சத் தகுதி மட்டத்தில் வைத்திருக்கிறது. தகுதியைக் காட்டாமல் வாங்க முடியாது. இதுவும் ஒரு வகை அனுமதிப்பத்திரந்தான், அரசாங்கம் கொடுக்காத அனுமதிப்பத்திரம். பிரதி எடுத்த பெட்டி அந்த வாசலைச் சுவரேறிக் குதிக்கிறது. அடுத்தது, கேள்வியை அந்த இடத்திலேயே தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டால் சொல்லின் கடினம் மாறிப்போகும். ஆங்கிலத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் கிண்ணியாப் பேச்சில் புத்தகச் சொல்லாக நிற்கலாம். வந்த விடையை அமெரிக்கப் பிள்ளைகளின் அட்டவணையில் வைத்துப் பார்த்து 72 என்று எழுதினால், அந்த 72 எதை அளந்தது? மொழியையா, பிள்ளையையா? பாடசாலைக்கு அது தெரியாது. பிள்ளையின் கோவையில் அந்த இலக்கம் பல வருடம் கிடக்கும்.

நீதிமன்றம் பற்றியும் ஒரு சொல். நமது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, துறையில் விசேட தேர்ச்சியுள்ளவரின் அபிப்பிராயத்தை ஏற்கலாம் என்கிறது. பதிவுச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆகவே உளவளத்துணையாளரும் கூண்டில் ஏறலாம். ஆனால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி "உங்கள் பதிவு இலக்கம்?" என்பதாகத்தான் இருக்கும். அதே சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணியிடம் சொன்ன இரகசியத்தைக் காக்கிறது. உளவளத்துணையாளரிடம் சொன்னதைக் காக்கும் பிரிவு அதில் இல்லை. "இங்கே சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது" என்று முதல் நாளே வாக்குக் கொடுக்கிறவர்கள் இதை அறிந்து பேச வேண்டும். "நீதிமன்றம் கேட்டால், உயிராபத்து இருந்தால் தவிர" என்று சேர்த்துச் சொல்வது நேர்மை.

வைத்தியத்துறை வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், அதன்பின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் மனநல மருத்துவ டிப்ளோமா அல்லது எம்.டி. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் படிக்கலாம்; தூரமும் இல்லை. மருந்து எழுதலாம், நோயாளியை விடுதியில் அனுமதிக்கலாம், அறிக்கைக்கு எடை உண்டு. சட்டப்படி எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரே வழி. உயர்தரத்தில் உயிரியல் எடுத்து வெட்டுப்புள்ளி எட்டுகிற பிள்ளை, "எனக்கு மனம்தான் பிடிக்கும், உடம்பு பிடிக்காது" என்று சொல்லி இதை விடுவதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். ஆனால் வாராவாரம் ஒரே ஆளோடு 50 நிமிடம் இருந்து பேசும் வேலையை விரும்புகிறவருக்கு, வெளிநோயாளர் வரிசை நீண்டு கிடக்கும் மனநலக் கிளினிக் ஏமாற்றமாக இருக்கும்.

கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறவர்களும் இடைக்கிடை இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். சித்த மருத்துவரின் பதிவு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருவது. அது சித்த மருத்துவத்துக்கு. அதைக் காட்டி உளவியலாளர் என்று போட முடியாது.

கடல் தாண்டினால்

இந்தியாவில் சட்டம் இறுக்கம். அங்கே மருத்துவ உளவியலாளர்களைப் பதிவது புனர்வாழ்வுச் சபை. 1992ஆம் ஆண்டின் இந்தியப் புனர்வாழ்வுச் சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பதிவேட்டில் பெயரில்லாதவர் தொழில் செய்வதையும், சான்றிதழில் கையொப்பமிடுவதையும், மாற்றுத்திறனாளிகள் சம்பந்தமான விடயத்தில் நிபுணராகச் சாட்சி சொல்வதையும் தடுக்கிறது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நமது 45ஆம் பிரிவும் அவர்களது பழைய 45ஆம் பிரிவும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும்: அவர்கள் அதற்கு மேல் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரைவிலக்கணம் எழுதியிருக்கிறது: அந்தச் சபை ஏற்ற தகுதி, அல்லது முதுகலைக்கு மேல் மேற்பார்வைப் பயிற்சியோடு இரண்டு வருட முழுநேர எம்.பில். மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத்தொழில் ஆணையச் சட்டம் எடுத்துக்கொண்டது.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போக நினைக்கிற திருகோணமலை மாணவர் கவனிக்க வேண்டியது இரண்டு. எம்.பில். என்ற பட்டத்தையே இந்தியா கைவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தார்கள். ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேராமல், அந்தக் கற்கை அந்த வருடத்தில் புனர்வாழ்வுச் சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, தபால்வழி எம்.எஸ்சி. உளவியல். விலை மலிவாக, தமிழில் எழுதக்கூடியதாக, வீட்டிலிருந்தே முடிக்கக்கூடியதாக இருந்தது; 2025 ஜூலை-ஓகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கையை இந்தியா நிறுத்திவிட்டது. ஏற்கெனவே முடித்தவருக்கும் மேற்பார்வை மணிகள் இல்லை. அது அறிவுக்கு நல்லது. மருத்துவ உளவியலாளர் பதிவுக்கு இரண்டு நாட்டிலும் உதவாது.

பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் ஒரே விடயத்தில் தலைகீழ். பிரித்தானியாவில் 2009 ஜூலை 1 முதல் ஏழு வகை உளவியலாளர் பட்டங்கள் காக்கப்படுகின்றன: மருத்துவ, உளவளத்துணை, கல்வி, தடயவியல், சுகாதார, தொழில், விளையாட்டு. "பதிவுபெற்ற உளவியலாளர்" என்பதும் "தொழில்புரியும் உளவியலாளர்" என்பதும் சேரும். ஆனால் வெறும் "உளவியலாளர்" என்ற சொல் திறந்து கிடக்கிறது. "கவுன்சிலர்", "சைக்கோதெரபிஸ்ட்" என்பவையும் அப்படியே. அவுஸ்திரேலியாவில் வெறும் "சைக்கோலஜிஸ்ட்" என்ற சொல்லே பூட்டப்பட்டது. அனுமதியில்லாமல் போட்டால் 60,000 டொலர் வரை அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வரலாம். பயிற்சியில் இருக்கிறவர்கூடத் தற்காலிகப் பதிவு இல்லாமல் நோயாளியைப் பார்க்க முடியாது. நான்கு வருடப் படிப்புக்கு மேல் இரண்டு வருட உள்ளகப் பயிற்சி என்ற பழைய வழி 2022 ஜூன் 30உடன் புதியவர்களுக்கு மூடப்பட்டது. இப்போது ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும், அல்லது ஆறு வருடப் பட்டம். பதிவு கிடைத்த பிறகும் வருடாவருடம் தொடர்கல்வி. குடிவரவுக்காகத் தகுதியைச் சரிபார்ப்பது ஒரு அமைப்பு, தொழிலுக்குப் பதிவது இன்னொரு அமைப்பு. முதலாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதும் முடிந்தது என்று விமானம் ஏறினவர்கள் உண்டு.

பிரித்தானியப் பதிவுக்கு ஆங்கிலம் தாய்மொழியல்லாத வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும். நம் பிள்ளைகள் விழுகிறது எழுத்தில். வாசிப்பிலும் கேட்டலிலும் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள்.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் மாறும். நம்மவர்கள் நிறைந்த ஒன்ராறியோவில், பெயரோடு வேலையின் ஒரு பகுதியும் பூட்டப்பட்டிருக்கிறது. கடுமையான மனக்குழப்பத்துக்கு உளச்சிகிச்சை செய்வது 2017 டிசம்பர் 30 முதல் கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதற்குச் சட்டம் எழுதிய விலக்குகளைப் பாருங்கள்: அவசர முதலுதவி, மேற்பார்வையில் இருக்கும் மாணவர், மத நம்பிக்கைப்படி பிரார்த்தனையால் குணமாக்குதல், உணர்வு, சமூக, கல்வி, ஆன்மிக விடயங்களில் ஆலோசனைப் பேச்சு. நம் ஊரில் மனம் கலங்கினால் ஆட்கள் முதலில் போகும் இடங்களான கோயில் ஐயர், மௌலவி, பங்குத்தந்தை எல்லாரும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். நூல் கட்டிவிடுகிற ஐயரை அந்தச் சட்டமும் தொடாது. அவரே "தெரபி" என்று கட்டணப் பட்டியல் ஒட்டினால்தான் பிரச்சினை.

ஒன்ராறியோவில் உளவியலாளர் ஆவதற்குக் கலாநிதிப் படிப்பு வழி நீளம். இங்கே முதுகலை முடித்துப் போகிறவருக்குப் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் என்ற வழி எட்டக்கூடியது. முழுப் பதிவுக்கு 450 மணி நேரடியாக ஆட்களைப் பார்த்திருக்க வேண்டும், 100 மணி மேற்பார்வை பெற்றிருக்க வேண்டும், பரீட்சையும் உண்டு. இங்கே வேலை செய்த மணிகளைத் திகதி, நிமிடம், மேற்பார்வையாளர் கையொப்பத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவந்தவருக்கு அது தங்கம். "ஐந்து வருடம் சேவை செய்தார்" என்ற பொதுக் கடிதத்தை வைத்து 450ஐ நிரூபிக்க முடியாது.

அமெரிக்காவில் கதிரை விலக்கு மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் அனுமதிப்பத்திரத்துக்குக் கலாநிதிப் பட்டமும் 3,000 மணி மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டும். அரச பாடசாலையில் சான்றுபெற்ற பாடசாலை உளவியலாளர் அது இல்லாமலே வேலை செய்யலாம், அந்த வேலைக்குள் மட்டும். வைத்தியர், சமூகப் பணியாளர், மதகுரு தங்கள் தொழிலின் பகுதியாக உளவியல் வேலை செய்யலாம், உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளாதவரை. பிரதேச செயலகத்து உத்தியோகத்தருக்கு இங்கே நடக்கிறதும் இதுதான். அங்கே அது எழுத்தில் இருக்கிறது, இங்கே வழக்கத்தில் இருக்கிறது.

யாருக்கு எது

உயர்தரம் முடித்து உளவியல் பட்டத்துக்குப் போகிற பிள்ளை, ஊரிலேயே இருக்கப்போகிறேன் என்றால் மருத்துவ சபை வழியைக் குறிவைக்கட்டும். முதல் முறை எம்.பில். இடம் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு, இடையில் இரண்டு வருடத்துக்கு மனநலப் பிரிவோடு சேர்ந்த வேலை ஒன்றைத் தேடுவது நல்லது. முப்பத்தைந்து வயதில், ஆசிரியராகவோ தொண்டு நிறுவனத்திலோ இருந்து இந்தப் பக்கம் திரும்புகிறவருக்கு உளவளத்துணைதான் பொருத்தம். அவர் நுண்ணறிவுச் சோதனையையும் நோயறிதலையும் விட்டுவிட்டு, மாதம் இரண்டு மணி நேர மேற்பார்வைக்குக் காசு ஒதுக்க வேண்டும். ஐந்து வருடத்தில் வெளிநாடு நிச்சயம் என்றால், அந்த நாட்டுச் சபையின் விதியை முதலில் வாசித்து, அதற்குப் பொருந்துகிற பட்டத்தைப் பிறகு தேடுங்கள். மறுபக்கமாகச் செய்தால் பட்டத்துக்கு ஒருமுறை, இடைவெளி நிரப்ப ஒருமுறை என்று இரண்டு தரம் காசு கட்ட வேண்டிவரும்.

அறை திறக்கிறவருக்கு ஆளின் பதிவோடு இடத்தின் பதிவும் ஒரு கேள்வி. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதியப்பட வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகப் போகும். கிழக்கு மாகாணத்துக்கான அந்த அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால், வாடகை ஒப்பந்தம் எழுத முன்னர் நேரில் போய், செய்யப்போகும் வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டி, பதிவு வேண்டுமா என்று கேட்டுவிடலாம். வேண்டாம் என்றால் அதையும் கடிதமாக வாங்குங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கும். அது கடைக்கான பதிவு, தொழிலுக்கான பதிவு இல்லை. கோவைகளைப் பூட்டிவைக்க ஓர் இரும்பு அலுமாரியும் அவசியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாக எண்ணுகிறது.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வருகிற ஆட்கள். உப்புவெளியில் இருந்துகொண்டு ஸ்காபரோவிலும் சிட்னியிலும் இருக்கிற உறவுகளைத் திரையில் பார்ப்பது இப்போது பெருகிவிட்டது. தமிழில் பேசக் கிடைக்கிறதே என்று அவர்களும் விரும்புகிறார்கள். பொதுவாக, ஆள் இருக்கிற நாட்டின் சட்டமும் உங்களைப் பார்க்கும். அவுஸ்திரேலியாவில் உள்ள நோயாளியைத் திரையில் பார்க்கிறவரும் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதே அங்குள்ள சபைகளின் எதிர்பார்ப்பு. இங்குள்ள மருத்துவ சபைப் பதிவு அங்கே செல்லாது. ஒன்ராறியோவில் உள்ளவருக்கு ஆலோசனைப் பேச்சு என்ற எல்லைக்குள் நின்றால் ஒரு கதை, கடுமையான நோய்க்கு உளச்சிகிச்சை என்றால் வேறு கதை. ஆகவே திரையில் பார்க்கிறவர்கள் சம்மதப் படிவத்தின் முதல் வரியாக "இந்த நேரத்தில் நீங்கள் இருக்கிற நாடு, முழு விலாசம்" என்று கேளுங்கள், ஒவ்வொரு அமர்விலும். அதற்குக் கீழே அந்த நாட்டின் அவசர இலக்கத்தை எழுதுங்கள். திருகோணமலையில் இருக்கிறவருக்கு 1990 அம்புலன்சும் 1926 மனநல உதவித் தொலைபேசியும். கனடாவில் இருக்கிறவருக்கு 911, தற்கொலை எண்ணத்துக்கு 988. அவுஸ்திரேலியாவுக்கு 000, பிரித்தானியாவுக்கு 999. இவற்றைப் படிவத்தில் முன்கூட்டியே அச்சிட்டுவிடலாம். விலாசத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டே எழுத வேண்டும். சென்ற கிழமை ஸ்காபரோவில் இருந்தவர் இந்தக் கிழமை மகளைப் பார்க்க லண்டனில் நிற்பார்.